நான்கு மாதம் பிந்தி வளர்ந்த குழந்தை

வலை விரித்து ஒரு வாரமாகியும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

“நாலு கலர் கிளிப், பாஸ்! சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். ஒரே போட்டோவை நாலு விதமா மாத்தறதுக்குள்ள என் கண்ணு பூத்துப்போச்சு. இந்தத் திருடன் ஒண்ணைக்கூடத் தொடமாட்டேங்கிறான். சுத்த ரசனை கெட்ட ஜென்மம்” என்றான் ரேடியோ.

நிறுத்துகிற பட்டன் இல்லாத வாய் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயரைப் பெண்டாட்டிகூட மறந்துவிட்டாள். இரட்டைப் பெண் குழந்தைகளுக்கு அப்பா. அவன் ‘பாஸ்’ என்று கூப்பிடுவது நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளை. ஒரு பத்திரிகையில் வருகிற படங்களையெல்லாம் சலித்துச் சலித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். எந்தப் படம் நிஜம், எது ஒட்டு, எது யாரிடமிருந்து சுட்டது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இந்தத் துப்பறியும் ஆபீஸைத் தொடங்கியிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தாள். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம்.

“என்னால ராத்திரி தூங்கவே முடியல மேடம். கதவு பூட்டியிருக்கான்னு எழுந்து எழுந்து பார்க்கறேன்.”

விஷயம் இதுதான். டாக்டருக்கு ஒரே பெண். இப்போதுதான் ஒரு வயது தாண்டியிருந்தது. பிறந்த நாளிலிருந்தே குழந்தை குப்புற விழுந்தது, பொக்கை வாயால் சிரித்தது, தவழ்ந்தது என்று ஒன்று விடாமல் சமூக வலைத்தளத்தில் தன் பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள் கல்லூரித் தோழி போன் செய்து, “உன் பொண்ணு போட்டோவை எல்லாம் வேற யாரோ தன் பொண்ணுன்னு போட்டிருக்காங்கடி” என்றாள். ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று அந்த ஆப்பே தோழிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிக் கொடுத்திருந்தது.

டாக்டர் திறந்து பார்த்தாள். ‘அப்பா செல்லம்’ என்று ஒரு பக்கம். டாக்டரின் பெண்ணேதான், படத்துக்குப் படம். ஒவ்வொன்றுக்கும் கீழே குழந்தை பேசுவதுபோல இரண்டு வரி. ‘அப்பா, இன்னிக்கு நான் குப்புற விழுந்தேன்.’ ‘அப்பா, என் கையை நானே சாப்பிடறேன்.’ இத்தனைக்கும் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்வது ஒரே ஓர் ஆள். அவன் முகப்பில் முகம் இல்லை, வெறும் கடல்.

டாக்டர் வந்த அன்றைக்கே பாஸ் முதலுதவி செய்துவிட்டார். முன்பின் தெரியாதவர்களை எல்லாம் பக்கத்திலிருந்து வெளியேற்றினார். எந்த இடத்தில் எடுத்த படம் என்பதைக் காட்டும் வசதியை அணைத்தார். இனிப் போடுகிற படங்களைப் பெரிதாக்கினால் கலங்கிப்போகும் அளவுக்குச் சின்னதாக்கி, அவற்றின் குறுக்கே டாக்டரின் பெயரை மெலிதாக ஓடவிட்டார். ஓரத்தில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்பதால் நடு வயிற்றில்.

அதற்குப் பிறகுதான் ரேடியோவின் கிளிப் வலை. மிச்சமிருந்த ஆட்களைச் சொந்தக்காரர்கள், கல்லூரித் தோழிகள், குடியிருப்புக்காரர்கள், கிளினிக் ஆட்கள் என்று நான்காகப் பிரித்தான். குழந்தையின் தலையில் இருக்கும் கிளிப்பின் நிறத்தை மட்டும் மாற்றி ஒரே படத்தை நான்கு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் காட்ட வைத்தான். திருட்டுப் பக்கத்தில் எந்த நிறம் வருகிறதோ அந்தக் கூட்டத்தில்தான் திருடன் என்பது கணக்கு.

எந்த நிறமும் வரவில்லை.

“நேத்து அந்தப் பக்கத்துல என்ன படம் வந்தது?” என்றார் பாஸ்.

“குழந்தை சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கீழே, ‘அப்பா, நான் நின்னுட்டேன் பாருங்க. உங்க கப்பல் அடுத்த மாசம் வந்துடுமாமே. சீக்கிரம் வாங்க, நேர்ல பார்க்கலாம்’னு எழுதியிருக்கு. அதுக்கு அந்த ஒத்தை ஆளு, ‘நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டிருக்கான். யாரு பாஸ் இவன், ஹோட்டல் சர்வரா? எப்பப் பாரு சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு.”

“அதை விடு. குழந்தை என்ன போட்டிருக்கு?”

“கம்பளி ஸ்வெட்டர். தலையில குல்லா. கால்ல சாக்ஸ்…”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். தலைக்கு மேல் மின்விசிறி அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

“இந்த வெயில்ல ஸ்வெட்டரா?”

“டாக்டர், இந்தப் படத்தை நீங்க எப்போ போட்டீங்க?”

டாக்டர் போனில் விரலை ஓட்டினாள். “குளிர் காலத்துல. நாலு மாசம் இருக்கும்.”

“முதல் பல் முளைச்ச படம்?”

அதைத் தேட வேண்டியதே இல்லை. ‘பல் டாக்டர் வீட்டு முதல் முத்து’ என்று கொண்டாடிப் போட்ட படம் அது. அது திருட்டுப் பக்கத்துக்கு வந்ததும் நான்கு மாதம் கழித்துத்தான். குப்புற விழுந்த படமும் அப்படியே. ஒரு படம்கூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை.

“சோம்பேறித் திருடனா இருப்பானோ?” என்றான் ரேடியோ.

“சோம்பேறி ஒருநாள் சேர்த்துப் போடுவான், ஒருநாள் விட்டுடுவான். இவங்க வரிசை தப்பாம, நிதானமா போடறாங்க. கையில புதுப் படம் இருந்தும் பழசைத்தான் எடுக்கறாங்க.” பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவங்களுக்கு வேண்டியது உங்க பொண்ணு இல்ல டாக்டர். உங்க பொண்ணை விட நாலு மாசம் சின்னதா ஒரு குழந்தை. அந்தக் குழந்தை வயசுக்கு ஏத்த படமா பார்த்துப் பார்த்து எடுக்கறாங்க. உங்களுக்குப் பிரசவம் ஆகி நாலு மாசத்துல பிள்ளை பெத்தவங்க உங்க பழக்கத்துல யாராவது உண்டா?”

டாக்டரின் கை போனோடு மடியில் இறங்கியது.

“சிஸ்டர்” என்றாள்.

டாக்டரின் கிளினிக்கில் கை உதவிக்கு இருந்த பெண். வருகிறவர்கள் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. இருவரும் நான்கு மாத இடைவெளியில் உண்டாகியிருந்தார்கள். டாக்டரின் வயிறு முன்னால் போக, சிஸ்டரின் வயிறு பின்னால் வருகிறது என்று நோயாளிகள் வாய் திறந்தபடியே சிரிப்பார்களாம். சிஸ்டரின் புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் மெக்கானிக். அவள் பிரசவத்துக்குப் போனாள். ‘பெண் குழந்தை’ என்று ஒரு மெசேஜ் வந்தது. பிறகு வேலைக்குத் திரும்பவில்லை, போன் நம்பரும் மாறிவிட்டது.

“குழந்தையை விட்டுட்டு வர மனசில்லை போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா என் பக்கத்தைப் பார்க்கறவங்க லிஸ்ட்ல இன்னும் இருக்கா. தெரிஞ்ச பொண்ணுதானேன்னு நான் எடுக்கல.”

“அவங்களுக்கே ஒரு பொண்ணு இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தர் பொண்ணோட படத்தை…” என்று ஆரம்பித்த ரேடியோ, பாஸின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டர்தான் முதலில் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“புருஷன் அடுத்த மாசம் வர்றான். ‘நேர்ல பார்க்கலாம்’னு எழுதியிருக்கா. வந்தவன் கையில அவ எந்தக் குழந்தையைக் கொடுப்பா?”

டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டாள். “அத்தை, பாப்பாவை இறக்கி விடாதீங்க. யார் வந்தாலும் கதவைத் திறக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னாலும் திறக்காதீங்க.”

சிஸ்டர் இப்போது பல் செட் செய்கிற ஒரு லேபில் இருப்பதாக எப்போதோ காதில் விழுந்தது என்றாள் டாக்டர். டாக்டரின் காரிலேயே கிளம்பினார்கள். வழியில் இரண்டு சிக்னலை அவள் பார்க்கவே இல்லை. பின்சீட்டில் ரேடியோ கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “டாக்டர், என் பல்லெல்லாம் நல்லா இருக்கு. புது செட்டுக்கு அவசரமே இல்ல” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. போன வாரம் வரை அவனும் தன் இரட்டைகளை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தவன்தான். இந்தக் கேஸ் வந்த அன்று ராத்திரி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான்.

லேப் ஒரு பெரிய மருத்துவமனையின் பின்சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவுத் தூசி மூக்கில் ஏறியது. சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க வெள்ளைத் தாடைகள். சிரிக்கிறவை, கடிக்கிறவை, நடுவில் ஓட்டையாய் இருப்பவை. நீளமான மேஜையில் நாலைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்னச் சுடரில் கத்தியைக் காட்டி, ரோஸ் நிற மெழுகில் ஈறு செதுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்தவள் நிமிர்ந்தாள். டாக்டரைப் பார்த்ததும் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் பயம் தெரியவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒருவர் ஒருவழியாக வந்துவிட்டது போன்ற களைப்புதான் தெரிந்தது.

“டாக்டர்… பாப்பா நல்லா இருக்காளா?”

“அவ பேச்சை எடுக்காதே” என்றாள் டாக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பிளாஸ்டர் மாவு மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் நால்வரும் நின்றார்கள். உட்கார மூட்டைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாஸ் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, பக்கத்து மூட்டையைத் தட்டிக் காட்டினார். சிஸ்டர் உட்கார்ந்தாள். கை, முகம், இமை எல்லாம் வெள்ளைத் தூசி.

“உங்க குழந்தை எங்கேம்மா?” என்றார் பாஸ்.

“இல்ல மேடம்.”

“எப்போ?”

“பொறந்து ரெண்டு நாள் இருந்தா. மூச்சு விடச் சிரமப்பட்டா. அவ்வளவுதான்.”

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

சிஸ்டர் யாரையும் பார்க்காமல் பேசினாள். குழந்தை பிறந்தவுடன் கப்பல் கம்பெனி ஆபீஸ் மூலமாகப் புருஷனுக்குச் செய்தி போய்விட்டது. கப்பலில் இருந்தவர்களெல்லாம் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கினார்களாம். ‘கரையே தெரியாத இடத்துல இருக்கேன். ஆனா உலகத்துலேயே நான்தான் பெரிய ஆளு’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது குழந்தை இல்லை. போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்பு என்று ஓயாமல் கேட்டார்.

“அன்னிக்கு உங்க பக்கத்துல பழைய படங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தேன் டாக்டர். பாப்பா பொறந்தப்போ எடுத்த படம் வந்தது. பச்சைக் குழந்தைங்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்னு… ஒண்ணே ஒண்ணு போட்டேன். அவர் கரைக்கு வர்ற வரைக்கும் அது போதும், வந்ததும் நேர்ல சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் அடுத்தது கேட்டார்.”

“அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கக் கூடாதா? ஊரே பார்க்கிற மாதிரியா போடுவே?”

“கப்பல்ல எப்பவாவதுதான் நெட் வரும். பக்கம்னா வர்ற நேரத்துல எல்லாத்தையும் ஒண்ணாப் பார்த்துக்கலாம்னு அவர்தான் சொன்னார். அதைப் பூட்டி வைக்கணும்னு எனக்குத் தெரியாது டாக்டர்.”

திருடிய வீட்டுக்குப் பூட்டு உண்டு, திருடியதை வைத்த வீட்டுக்குப் பூட்டில்லை என்று ரேடியோவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டான்.

“அவர் வந்து குழந்தை எங்கேன்னு கேட்டா?” என்றாள் டாக்டர். “என் பொண்ணைத் தூக்கிட்டுப் போறதா இருந்தியா? சொல்லு!”

“ஐயோ, டாக்டர்!” சிஸ்டர் பதறி எழுந்தாள். “அவ உங்க பொண்ணு. அவ நிழலைக்கூட நான்… நான் அப்படி நினைக்கவே இல்ல. அவர் வர்ற அன்னிக்கு நான் இல்லாம இருந்தாப் போதும்னுதான் நினைச்சேன்.”

அடுத்த அறையில் ஏதோ மெஷின் ஓடி நின்றது. பாஸ் எட்டி சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துத் திரும்பவும் உட்கார வைத்தார். பிடியை விடவில்லை.

“ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்றாள் டாக்டர்.

“எப்படிச் சொல்ல முடியும் டாக்டர்? நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க.”

டாக்டர் சுவரை விட்டு நிமிர்ந்தாள். “உன் கஷ்டம் எனக்குப் புரியுது. சத்தியமா புரியுது. ஆனாலும் அவ என் பொண்ணு. அவ முகத்தை வேற பேர்ல, வேற அப்பாவுக்குக் காட்டறதுக்கு உனக்கு உரிமை இல்ல. அந்தப் பக்கம் இன்னிக்கே போகணும்.”

“போகட்டும் டாக்டர். ஆனா அவருக்கு நான் என்ன சொல்லுவேன்? தெரிஞ்சா தாங்க மாட்டார். நடுக்கடல்ல ஆள் துணை இல்லாம…”

ரேடியோ இதற்குள் போனை எடுத்து ‘அப்பா செல்ல’த்தின் அடிவாரத்துக்குப் போயிருந்தான். கண்ணில் நீர் முட்டினால் ஏதாவது படிப்பது அவன் வழக்கம். முதல் படத்திலிருந்து அந்த ஒத்தை ஆளின் கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். நடுவில் ஓரிடத்தில் நின்றான். திரும்பப் பின்னால் போனான். மறுபடி முன்னால் வந்தான்.

“பாஸ், நான் ஒரு முட்டாள்” என்றான்.

“தெரிஞ்ச விஷயம்தான். இப்ப என்ன?”

“சிஸ்டர், உங்களை ஒண்ணு கேக்கறேன். இதைக் கேளுங்க. முதல் படத்துக்கு உங்க வீட்டுக்காரர் எழுதினது. ‘மூக்கு யாரு மாதிரி? கண்ணைத் திறந்திருக்கும்போது எடு. கன்னத்துல அது மச்சமா, கொசுக்கடியா? அழற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு.’ ரெண்டாவது படத்துக்கும் இதே மாதிரி பக்கம் பக்கமா. மூணாவது படத்துக்கு ஒரே வரி. ‘நீ சாப்பிட்டியா?’”

“அப்புறம் அவருக்கு வேலை அதிகமாயிடுச்சு. பேச்சைக் குறைச்சுக்கிட்டார்.”

“அதுக்கு அப்புறம் குழந்தையைப் பத்தி ஒரு கேள்வி கிடையாது சிஸ்டர். குப்புற விழுந்த படத்துக்கு, ‘ராத்திரி தூங்கினியா?’ முதல் பல் படத்துக்கு, ‘தலைவலி போச்சா?’ தவழ்ந்த படத்துக்கு, ‘அக்கா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வா, தனியா இருக்காதே.’ எனக்கு ரெண்டு பொண்ணு. முதல் பல் முளைச்ச அன்னிக்கு நான் டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் ஒருத்தர் விடாம நிறுத்திச் சொன்னேன். பெத்தவன் அந்தப் படத்தைப் பார்த்துட்டு உங்க தலைவலியையா கேப்பான்?”

சிஸ்டர் அவனையே பார்த்தாள்.

“அவர் படத்துல இருக்கிற குழந்தையைப் பார்க்கவே இல்ல” என்றான் ரேடியோ. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியாதபடி இறங்கியிருந்தது. “இன்னிக்கு ஒரு படம் வந்திருக்கு, அப்போ நீங்க எழுந்து உட்கார்ந்திருக்கீங்க, உயிரோட இருக்கீங்க. அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்.”

பாஸ் மெதுவாகக் கேட்டார். “மூணாவது படம் போட்ட அந்தச் சமயத்துல அவர்கிட்ட யாராவது பேசினாங்களா?”

“அவரோட அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க” என்றாள் சிஸ்டர். “சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாங்க…”

அவள் போனை எடுத்தாள். விரலில் ஒட்டிய மாவினால் திரை அவள் தொடுவதை வாங்கவில்லை. புடவையில் துடைத்தாள், புடவையிலும் மாவு. டாக்டர் அருகில் வந்து, கைப்பையிலிருந்த ஈரத் துணியை எடுத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். கிளினிக்கில் ஊசி போடுவதற்கு முன் துடைப்பதுபோல நகக்கண் வரைக்கும்.

சிஸ்டர் எழுதினாள்: ‘உங்களுக்குத் தெரியுமா?’

நேரம் போனது. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, அவர் இன்ஜின் ரூமில் எந்த இரைச்சலுக்கு நடுவில் நிற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு ரேடியோ மூட்டைகளின் தையலைப் பார்த்தபடி நின்றான். லேபின் முதலாளி எட்டிப் பார்த்து, நால்வரின் முகங்களையும் கண்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

போன் அதிர்ந்தது.

‘தெரியும்மா.’

சற்றுப் பொறுத்து இன்னொன்று: ‘அக்கா அந்த வாரமே சொல்லிட்டா. உனக்கு அந்தப் படம் போடறது ஒரு பிடிமானமா இருக்கு, அதையும் நான் பிடுங்கிடக் கூடாதுன்னு இருந்துட்டேன். நீ சாப்பிட்டியா?’

சிஸ்டர் அழுத சத்தம் வெளி அறைக்குக் கேட்டிருக்க வேண்டும். அங்கே கத்திகள் நின்றன. டாக்டர் மூட்டையின் மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டில் வெள்ளைத் தூசி படிந்தது.

அழுகை ஓய்ந்த பிறகு சிஸ்டரே சொன்னாள். “தம்பி, இந்தப் பக்கத்தை எப்படி அழிக்கிறதுன்னு காட்டுங்க.”

ரேடியோ காட்டினான். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று போன் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையை அவள் ஒருமுறை பார்த்தாள். “இவளைப் பார்த்துத்தான், டாக்டர், இத்தனை மாசமும் எழுந்தேன்” என்றாள். டாக்டர் தலையசைத்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பொத்தானைத் தொட்டாள். பக்கம் போய்விட்டது.

கடலிலிருந்து உடனே செய்தி வந்தது. அவரும் அங்கே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

‘எடுத்துட்டியா?’

‘ம்.’

‘நல்லதும்மா. இப்போ ஒண்ணு கேக்கலாமா? ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். கேட்டா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுபோயிடும்னு கேக்கல.’

‘கேளுங்க.’

‘நம்ம பொண்ணு படம் ஏதாவது இருக்கா?’

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமும் அந்த மனிதன் வேறு யாருடைய குழந்தையையோ திரும்பத் திரும்பப் பார்த்து வந்திருக்கிறான். தன் குழந்தையின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

“இருக்கு” என்றாள் சிஸ்டர் யாருக்கோ சொல்வதுபோல. “ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு படம் எடுத்துக் கொடுத்தாங்க. கண்ணு மூடியிருக்கு. மூக்குல குழாய். இதைப் போய் எப்படிக் காட்டறதுன்னு…”

“அவருக்கு மட்டும் அனுப்பும்மா” என்றார் பாஸ். “வேற யாருக்கும் வேண்டாம். எங்களுக்கும் வேண்டாம்.”

மூவரும் திரும்பிக்கொண்டார்கள். ரேடியோ சுவரைப் பார்த்து நின்றான். பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுவதும், போனைத் தொடும் சின்னச் சத்தமும் கேட்டன. படம் போய்ச் சேர நேரம் பிடித்தது. பாதி போய் நின்று, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது. “போகமாட்டேங்குது” என்றாள் ஒருமுறை. அப்புறம், “போயிடுச்சு” என்றாள்.

அவர் பார்த்துவிட்டார் என்பதை நீலக் குறி காட்டியது. ‘எழுதுகிறார்’ என்று திரையில் வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. டாக்டரின் போனில் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்காமல் அணைத்தாள்.

வந்ததை சிஸ்டர் வாய்விட்டுப் படித்தாள். படிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“‘இவதானா.’”

பிறகு, “‘நெத்தி உன்னோடது. காது எங்க அம்மாவோடது.’”

பிறகு, “‘கை விரல் தெரியற மாதிரி வேற படம் இருக்கா?’”

அவள் எழுதினாள். எழுத்து எழுத்தாக, மெதுவாக.

‘இல்லங்க. இது ஒண்ணுதான்.’

மாவுத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்த அந்தச் சின்ன அறையில் நான்கு பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘சரிம்மா’ என்று வந்தது. ‘இது போதும்.’